வெளிநாட்டில் விமானம் ரத்தாகி ஓர் இரவு தங்க நேர்ந்தால்: வேலூர்ப் பக்கத்துப் பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர் தோட்டப்பாளையத்தில் 18 ஆண்டுகளாக விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். என்னிடம் வருபவர்கள் பல வகை. மிலான் தோல் கண்காட்சிக்குப் போகும் ஆம்பூர், ராணிப்பேட்டை கம்பெனிக்காரர்கள், இங்கிலாந்தில் வேலை கிடைத்த நர்ஸ் பெண்கள், மேல்விஷாரத்திலிருந்து உம்ராவுக்கு (மக்கா புனிதப் பயணம்) போகும் குழுக்கள், பேரப்பிள்ளையைப் பார்க்க அமெரிக்கா போகும் ஆரணி, குடியாத்தம் அப்பா அம்மாக்கள். ராத்திரி இரண்டு மணிக்கு என் போன் அடித்தால் விஷயம் பெரும்பாலும் ஒன்றுதான்: நடுவழியில் எங்கேயோ ஒரு விமான நிலையத்தில் விமானம் ரத்து, விடியும்வரை அங்கேயே கிடக்க வேண்டும். அப்படிப்பட்ட போன்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். புறப்படும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள். அம்மா அப்பாவை அனுப்புகிறவர்கள் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

பலகையில் ‘கேன்சல்’ என்று வந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

பலகையை போட்டோ எடுங்கள். உடனே விமான நிறுவனத்தின் ட்ரான்சிட் கவுன்டருக்கு (விமானம் மாறுபவர்களுக்கான மேசை) போய் வரிசையில் நில்லுங்கள். வரிசையில் நின்றபடியே நிறுவனத்தின் செயலியைத் திறந்து பாருங்கள். டிக்கெட் போட்டுக் கொடுத்தவருக்கும் போன் செய்யுங்கள். ஒரே விமானத்தின் 300 பேரும் அந்த ஒரே கவுன்டருக்குத்தான் வருவார்கள். உங்கள் முறை வருவதற்குள் காலை விமானத்தின் இடங்கள் தீர்ந்துவிடும். வரிசை, செயலி, போன் மூன்றில் எது முந்துகிறதோ அதில் இடத்தைப் பிடியுங்கள்.

கவுன்டரில் நான்கு விஷயம் கேட்க வேண்டும். அடுத்த விமானத்தில் உறுதியான இடம், ராத்திரி படுக்க இடம், சாப்பாடு, ரத்துக்கான காரணத்தை எழுத்தில் ஒரு தாள். நான்காவதை யாரும் கேட்பதில்லை. பின்னால் பணம் வாங்க உதவுவது அந்தத் தாள்தான்.

இமிக்ரேஷன் (குடியேற்றச் சோதனை) வாசலைத் தாண்டி வெளியே போகாதீர்கள். ஹோட்டல் உறுதியாகி, விசா விஷயம் தெளிவான பிறகுதான் அந்த வாசல்.

கேட்டால் திட்டுவார்களோ, பணம் கேட்பார்களோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயம்தான் நம் ஆட்களை ராத்திரி முழுக்கப் பட்டினி போடுகிறது. ஆரணிக்காரம்மா ஒருவர், மகள் வீட்டிலிருந்து தனியாகத் திரும்பியவர், 11 மணி நேரம் ஒரு நாற்காலியில் தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சென்னையில் இறங்கியதும் என்னிடம் கைப்பையைக் கொடுத்து, “இன்னா எழுதிக்கீதுன்னு பாரு தம்பி” என்றார். போர்டிங் பாஸோடு சேர்த்து நான்காய் மடித்த ஒரு தாள். இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கான வவுச்சர் அது. கவுன்டர் பெண் கொடுத்ததை டிக்கெட் என்று நினைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார். கையில் வவுச்சரை வைத்துக்கொண்டு பசியோடு இருந்திருக்கிறார் அந்தம்மா. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறாது.

கொடுக்கும் ஒவ்வொரு தாளையும் “இது எதற்கு?” என்று கேளுங்கள். போட்டோ எடுத்துப் பிள்ளைக்கு அனுப்புங்கள். சோறும் படுக்கையும் கேட்பது யாசகம் இல்லை. டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தவர் நீங்கள்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. தனியாக வருகிறார். என்ன எழுதிக் கொடுத்து அனுப்பலாம்?

ஒரு அட்டையில் ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்திலேயே தமிழ் எழுத்திலும் எழுதுங்கள். நான் எழுதிக் கொடுப்பது இவ்வளவுதான்:

“மை ஃப்ளைட் இஸ் கேன்சல்ட். ஐ நீட் நெக்ஸ்ட் ஃப்ளைட் டு சென்னை.”
“ஐ நீட் ஹோட்டல் அண்ட் ஃபுட்.”
“ப்ளீஸ் கிவ் ரீசன் இன் ரைட்டிங்.”
“ப்ளீஸ் கால் மை சன்.” இதன் கீழே நாட்டுக் குறியீட்டோடு மகன் எண்.

அட்டையின் பின்பக்கம் பி.என்.ஆர். எண், என்ன நோய், என்ன மாத்திரை, சைவமா அசைவமா. பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். பேசத் தயங்கினால் அட்டையை நீட்டினால் போதும்.

இன்னொன்று. பெரியவர்களுக்கு வழிகாட்ட ஆள் வேண்டுமென்று நாம் சக்கர நாற்காலி உதவி போடுகிறோம். விமானம் மாறும்போது அந்தக் கோரிக்கை புது டிக்கெட்டில் ஏறியதா என்று கேட்டே ஆக வேண்டும். சைவச் சாப்பாடும் அப்படித்தான், பல நேரம் விட்டுப்போகும். நாற்காலி தள்ளுகிறவர் தன் ஷிஃப்ட் முடிந்தால் ஓர் இடத்தில் உட்கார வைத்துவிட்டுப் போய்விடுவார். “மறுபடி யார், எத்தனை மணிக்கு வருவார்கள்?” என்று பிள்ளைகள் போனில் அந்த ஊழியரிடமே கேட்டுவிடுங்கள்.

ஹோட்டல் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

எந்த நாட்டில் மாட்டிக்கொண்டீர்கள், எந்த நாட்டு விமானம் என்பதைப் பொறுத்தது.

ஐரோப்பிய ஒன்றியம்தான் பயணிக்கு மிகவும் துணை நிற்கிறது. 261/2004 என்ற விதி, 2005 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அங்குள்ள விமான நிலையத்திலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் பொருந்தும். வெளியிலிருந்து ஐரோப்பாவுக்கு வருவதென்றால் ஐரோப்பிய நிறுவன விமானமாக இருக்க வேண்டும். சாப்பாடு, ஹோட்டல், ஹோட்டலுக்குப் போய்வர வண்டி, இரண்டு போன் அழைப்பு, இவ்வளவும் உண்டு. இதற்கு மேல், ரத்தானதை 14 நாளுக்கு முன் சொல்லவில்லை என்றால் இழப்பீடு: 1,500 கிலோமீட்டர் வரை 250 யூரோ, 3,500 வரை 400, அதற்கு மேல் 600. ஐரோப்பாவிலிருந்து சென்னை என்றால் 600 வரிசையில் வரும். மாற்று விமானம் அதிகத் தாமதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தால் இதில் பாதியாகக் குறைக்கலாம். பிரிட்டன் பிரிந்த பிறகும் இதே விதியைத் தனக்கென வைத்துக்கொண்டது. அங்கே தொகை 220, 350, 520 பவுண்டு.

அமெரிக்காவில் ஹோட்டல் கொடுக்கக் கட்டாயச் சட்டம் இல்லை. தங்கள் தவறால் ரத்தானால் கொடுப்போம் என்று பெரிய நிறுவனங்கள் தாங்களே வாக்குறுதி கொடுத்திருக்கின்றன. வானிலை என்றால் கிடையாது. ஆனால் ரத்தான விமானத்துக்கு மாற்று வேண்டாம் என்றால் பணத்தைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும். 2024-இல் வந்த விதிப்படி கார்டில் கட்டியது 7 வேலை நாளில் வர வேண்டும்.

நம் நாட்டு விமான நிறுவனம் என்றால் டி.ஜி.சி.ஏ. (இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) விதி இருக்கிறது. முறையாக முன்கூட்டிச் சொல்லாமல் ரத்து செய்தால், பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இல்லாத காரணம் என்றால் இந்தத் தொகை இல்லை.

சவூதியில் பயணி உரிமைக்கென்று தனி விதிகள் இருக்கின்றன, அவற்றில் உணவும் தங்குமிடமும் உண்டு. மற்ற வளைகுடா விமான நிலையங்களில் பெரும்பாலும் நிறுவனத்தின் நடைமுறைதான் பேசும். ஒரே டிக்கெட்டில் கனெக்‌ஷன் போனது என்றால் பெரும்பாலும் அறை கொடுத்துவிடுகிறார்கள்.

“பனி பெய்கிறது, எங்கள் தவறு இல்லை, ஒன்றும் கிடையாது” என்கிறார்கள்.

ஐரோப்பாவில் இப்படிச் சொன்னால் பாதிதான் உண்மை. கவனிப்பு வேறு, இழப்பீடு வேறு. பனி, புயல், எரிமலைச் சாம்பல், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு ஊழியர் வேலைநிறுத்தம் இவற்றால் ரத்தானால் 600 யூரோ இழப்பீடு கிடைக்காது. ஆனால் சோறும் படுக்கையும் கொடுக்கும் கடமை அப்படியே இருக்கிறது. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலை வெடித்து ஐரோப்பிய வானமே நாள்கணக்கில் மூடிக்கிடந்தபோதுகூட அந்தக் கடமை போகவில்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் பின்னர் தீர்ப்புச் சொன்னது.

எந்திரக் கோளாறு என்றால் விடாதீர்கள். விமானத்தைப் பராமரிப்பது நிறுவனத்தின் அன்றாட வேலை, அது ‘அசாதாரணச் சூழ்நிலை’ ஆகாது என்பது 2008-லேயே அதே நீதிமன்றம் சொன்ன நிலை. காரணத்தை எழுத்தில் வாங்கச் சொல்வது இதற்காகத்தான். கவுன்டரில் ‘டெக்னிக்கல்’ என்று வாயால் சொன்னது, இரண்டு மாதம் கழித்து வரும் மின்னஞ்சலில் ‘வெதர்’ ஆகியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ராத்திரி பன்னிரண்டு மணிக்காவது கிளப்பக் கூடாதா? ஏன் விடியும்வரை?

இரண்டு காரணம். விமானிகளுக்கும் பணிப்பெண்களுக்கும் தொடர்ந்து இத்தனை மணி நேரம்தான் பணி என்று சட்ட வரம்பு உண்டு. கோளாறைச் சரிசெய்து முடிப்பதற்குள் அந்த நேரம் தீர்ந்தால் அவர்கள் ஏறக் கூடாது. நம் உயிருக்காக வைத்த வரம்பு அது. இரண்டாவது, சில ஊர்களில் இரவு விமானத் தடை. பிராங்க்ஃபர்ட்டில் இரவு 11 மணி முதல் காலை 5 வரை கால அட்டவணை விமானங்கள் கிளம்பக் கூடாது. 24 மணி நேரமும் ஓடும் சென்னையைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிதாக இருக்கும்.

எனக்கு அந்த நாட்டு விசா இல்லை. ஹோட்டலுக்கு விடுவார்களா?

இந்திய பாஸ்போர்ட்டுக்கு இதுதான் பெரிய முட்டுக்கட்டை. அமெரிக்க விசா இருந்தால் ஐரோப்பிய விமான நிலையத்துக்குள் விமானம் மாறலாம், ஆனால் வாசலைத் தாண்டி ஊருக்குள் போக ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது) வேண்டும். எல்லைக் காவலர்கள் எதிர்பாராத நிலையில் விதிவிலக்காக வாசலிலேயே விசா கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. கேட்டுப் பாருங்கள், உடல்நிலை சரியில்லாதவர் இருந்தால் அழுத்திக் கேளுங்கள். கிடைத்தே தீரும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

விசா இல்லை என்றால் “ட்ரான்சிட் ஹோட்டல்” என்று கேளுங்கள். இமிக்ரேஷன் தாண்டாமலே, உள்ளேயே இருக்கும் ஹோட்டல்கள் தோஹா, துபாய், இஸ்தான்புல், சிங்கப்பூர், ஆம்ஸ்டர்டாம் விமான நிலையங்களில் உண்டு. சீக்கிரம் நிரம்பிவிடும்.

மிலான் போகும் தோல் கம்பெனிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் விசாவில் நாட்கள் இறுக்கமாகத்தான் கொடுப்பார்கள். கடைசி நாளில் திரும்பும் விமானம் ரத்தானால், மறுநாள் நீங்கள் விசா மீறியவர் ஆகிவிடுவீர்கள். அந்த ராத்திரியே எல்லைக் காவல் அலுவலகத்தில் ரத்துத் தாளைக் காட்டி நீட்டிப்புக் கேளுங்கள். தவிர்க்க முடியாத காரணத்துக்குக் கட்டணமில்லாமல் நீட்டிக்க ஷெங்கன் விசா விதியிலேயே வழி இருக்கிறது. சும்மா மறுநாள் கிளம்பிவந்தால் அடுத்த விசா விண்ணப்பத்தில் அந்த ஒரு நாள் வந்து நிற்கும்.

நீங்கள் இப்படி மாட்டியதுண்டா? விமான நிலையத்துக்குள் இரவைக் கழிப்பது எப்படி?

உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரியில், தம்பி வீட்டிலிருந்து அம்மாவோடு திரும்பும்போது. பிராங்க்ஃபர்ட்டில் விமானம் மாற வேண்டும். சென்னை விமானத்தில் ஏறி உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் ஜன்னலில் பனி வழித்துக்கொண்டிருந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரவுத் தடை நேரம் நெருங்கிவிட்டது என்று இறக்கிவிட்டார்கள். எங்கள் இருவரிடமும் அமெரிக்க விசா மட்டும். வெளியே போக வழியில்லை.

நிறுவனத்து ஊழியர்கள் மடக்குக் கட்டில்களைக் கொண்டுவந்து நீள வாக்கில் போட்டார்கள். கான்வாஸ் துணி, இரும்புக் கால், ஆளுக்கொரு மெல்லிய போர்வை. கட்டில் எல்லோருக்கும் வரவில்லை. கேட்டு வாங்கியவர்களுக்கு வந்தது. அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை. மாத்திரை டப்பா செக்-இன் பெட்டியில். இத்தனை பேருக்குச் சொல்லி அனுப்பும் நானே அன்று அம்மா பெட்டியை அடுக்கும்போது பார்க்கத் தவறிவிட்டேன். அம்மா கைப்பையில் ஒரு நாளுக்கான மாத்திரை கைக்குட்டையில் முடிந்து இருந்ததால் தப்பித்தோம். ராத்திரி ஒன்றரைக்கு விமான நிலைய மருத்துவ அறைக்கு அழைத்துப்போய் சர்க்கரை பார்த்தேன். கொடுத்த ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் அம்மா தொடவில்லை. “இன்னாடா இது, உப்பு சப்பு ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு, தம்பி மனைவி கட்டிக் கொடுத்த புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் பக்கத்துக் கட்டில்காரருக்கும் பிட்டுக் கொடுத்தார்.

அந்த இரவில் கற்றதைச் சொல்கிறேன். தரை குளிரும், காலுறையும் சால்வையும் கைப்பையில் இருக்கட்டும். கழிவறைக்கும் தண்ணீருக்கும் அருகில், ஆட்கள் நடமாடும் இடத்தில் படுங்கள். தனியாக இருக்கும் பெண்கள் குடும்பமாக இருப்பவர்கள் பக்கத்தில் இடம் பிடியுங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். பாஸ்போர்ட் உடம்போடு இருக்கட்டும். காலை விமானத்தின் கேட் எண் ராத்திரியில் மாறும், அலாரம் வைத்து எழுந்து பாருங்கள்.

செக்-இன் பெட்டியைத் திருப்பிக் கேட்கலாமா?

கேட்கலாம், ஓர் இரவுக்குப் பெரும்பாலும் தர மாட்டார்கள். அதனால் மூன்று நாள் மாத்திரை, ஒரு மாற்றுடை, சார்ஜர், மருத்துவர் சீட்டு எப்போதும் கையில். இன்சுலினைப் பெட்டியில் போடவே போடாதீர்கள், சரக்கறையில் உறைந்துபோனால் வீண். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் சாதாரண அறை வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் தாங்கும், ஒரு ராத்திரிக்குப் பயப்பட வேண்டாம்.

சென்னையில் இறங்கியதும் பெட்டி வரவில்லை என்றால் அங்கேயே பி.ஐ.ஆர். படிவம் (பெட்டி பற்றிய புகார்ப் படிவம்) எழுதி நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள். சேதம் என்றால் 7 நாளுக்குள் எழுத்தில் புகார், தாமதம் என்றால் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள்.

டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டில் இருக்கிறது.

ஹோட்டலுக்காக வெளியே போய் மறுநாள் திரும்ப விமான நிலையத்துக்குள் வரும்போது மறுபடி பாதுகாப்புச் சோதனை. 100 மில்லிக்கு மேற்பட்ட திரவத்தை அவர்கள் பறிமுதல் செய்துவிடலாம். சீல் வைத்த பையைப் பிரிக்காமல், ரசீதோடு வைத்திருங்கள். வாசனைத் தைலம், தேன், ஊறுகாய் எல்லாம் இதே கணக்கில்தான்.

எத்தியோப்பியா வழியாக வருகிறேன். அடிஸ் அபாபாவில் ஹோட்டல் தருகிறார்கள். போகலாமா?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கையில் இருந்தால் தாராளமாகப் போங்கள். இல்லை என்றால் ஒரு நிமிடம் யோசியுங்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டிலிருந்து வருபவரிடம் இந்தியா அந்த அட்டையைக் கேட்கும். இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமைப்படுத்தும் அதிகாரம் விமான நிலைய சுகாதார அலுவலருக்கு உண்டு. விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் மாறியவர்களுக்குச் சலுகை உண்டு. வெளியே போய் முத்திரை விழுந்துவிட்டால் அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. ஆப்பிரிக்கப் பயணம் அடிக்கடி உள்ள தோல் தொழில்காரர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஒருமுறை ஊசி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். போட்ட 10-ஆம் நாளிலிருந்து வாழ்நாள் முழுக்கச் செல்லும்.

உம்ரா குழுவில் போகிறோம். இடையில் மாட்டினால்?

இஹ்ராம் துணியை (உம்ராவுக்கு உடுத்துவது) செக்-இன் பெட்டியில் வைக்காதீர்கள், ஆளாளுக்குக் கைப்பையில் வையுங்கள். ஜித்தா விமானம் உறுதியாகக் கிளம்பும் என்று தெரிந்த பிறகு நிய்யத் (உம்ரா தொடங்கும் எண்ண உறுதி) வையுங்கள். முன்கூட்டியே நிய்யத் வைத்துவிட்டு ராத்திரி மாட்டிக்கொண்டவர்கள் தங்கள் ஆலிமிடம் (மார்க்க அறிஞர்) போனில் கேட்டு நடந்துகொள்ளட்டும். குழுத் தலைவர் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் ஒரே பையில் வைத்திருக்கும் வழக்கத்தை இந்த ஒரு ராத்திரிக்காவது விடுங்கள். ஹோட்டலில் ஆளுக்கு ஆள் பாஸ்போர்ட் கேட்பார்கள். முன்பின் தெரியாதவரோடு ஒரே அறை என்று சொன்னால், குறிப்பாகப் பெண்கள், வேண்டாம் என்று சொல்லலாம்.

தனித்தனி டிக்கெட்டாக, மலிவாகப் போட்டிருக்கிறேன். மும்பையிலிருந்து சென்னைக்கு வேறு நிறுவனம்.

முதல் விமானம் ரத்தானால் இரண்டாவது டிக்கெட் போனது போனதுதான். இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி. மூவாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் பதினைந்தாயிரம் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். வயதானவர்களுக்கு நான் தனி டிக்கெட் போட்டுக் கொடுப்பதே இல்லை. ஒரே பி.என்.ஆர்., கடைசி ஊர் சென்னை. அப்போதுதான் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு முழுக்க அவர்களுடையது.

“பணத்தைத் திருப்பித் தருகிறோம், சரியா?” என்கிறார்கள். வாங்கிக்கொள்ளலாமா?

பாதி வழியில் நிற்கும்போது வாங்காதீர்கள். பணத்தை ஏற்றுக்கொண்ட நிமிடத்தில் நிறுவனத்துக்கும் உங்களுக்கும் கணக்குத் தீர்ந்தது. ஹோட்டலும் இல்லை, மாற்று விமானமும் இல்லை. அதே ராத்திரியில் சென்னைக்குப் புது டிக்கெட் மூன்று மடங்கு விலையில் இருக்கும். “ரீரூட்” (மாற்று வழியில் கொண்டுபோய்ச் சேருங்கள்) என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள், வேறு நிறுவன விமானமாக இருந்தாலும் சரி என்று சொல்லுங்கள். பெங்களூரு வரை இடம் இருக்கிறது என்றால் ஒப்புக்கொள்ளுங்கள். அங்கிருந்து காட்பாடிக்கு ரயில் நிறைய உண்டு. வாணியம்பாடி, ஆம்பூர்க்காரர்களுக்கு பெங்களூருவும் பெரிய சுற்று இல்லை.

ஹோட்டல் தரவில்லை. நானே எடுத்துத் தங்கினால் பணம் வருமா?

ஐரோப்பாவில் வரும், நியாயமான செலவாக இருந்தால். ரசீது எல்லாம் வைத்திருங்கள், வண்டி ரசீது உட்பட. “ஹோட்டல் கேட்டேன், இல்லை என்றார்கள்” என்று நேரத்தோடு நிறுவனத்துக்கு அன்றிரவே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். பயணக் காப்பீடு இருந்தால் தாமதத்துக்கும் தவறிய கனெக்‌ஷனுக்கும் பெரும்பாலும் ஏதாவது உண்டு. அதற்கும் நிறுவனத்தின் தாமதச் சான்று கேட்பார்கள்.

வைஃபை வரவில்லை, கார்டு வேலை செய்யவில்லை.

இரண்டுக்கும் வேர் ஒன்று: ஓ.டி.பி. ரோமிங் இல்லாத சிம்முக்கு ஓ.டி.பி. வராது. சில விமான நிலையங்களில் பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்தால் வைஃபை எண் தரும் எந்திரம் இருக்கிறது, தகவல் மேசையில் கேளுங்கள். கார்டைப் பொறுத்தவரை, 2020 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் திறந்துவிடுங்கள். 50 யூரோ அல்லது 50 டாலர் ரொக்கம் கையில் இருக்கட்டும்.

தூதரகத்துக்குப் போன் செய்யலாமா?

பாஸ்போர்ட் தொலைந்தது, உடல்நிலை மோசம், போலீஸ் தடுத்துவைத்தது என்றால் உடனே செய்யுங்கள். ஓர் இரவு ஹோட்டலுக்காக என்றால் அவர்களால் செய்யக்கூடியது குறைவு.

ஊர் திரும்பியாயிற்று. எங்கே புகார் கொடுப்பது?

முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில். நம் நாட்டு நிறுவனம் என்றாலோ இந்தியாவுக்கு வரும் விமானம் என்றாலோ விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் பதிவு செய்யலாம். ஐரோப்பிய இழப்பீட்டுக்கு நிறுவனத்தின் இணையதளத்திலேயே படிவம் இருக்கும். வாங்கித் தருகிறோம் என்று வரும் இடைத்தரகு நிறுவனங்கள் நல்ல பங்கை எடுத்துக்கொள்வார்கள், முதலில் நீங்களே முயலுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

எதற்கும் மசியவில்லை என்றால் வேலூரிலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், டெல்லிக்கோ மும்பைக்கோ ஓட வேண்டாம். 5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அப்போது கேட்பது அந்த ராத்திரியின் தாள்களைத்தான்: போர்டிங் பாஸ், காரணம் எழுதிய தாள், ரசீது.

அங்கே ஒன்றும் இல்லை, சென்னையே மூடிவிட்டது என்றால்?

நடப்பதுதான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாள்கணக்கில் மூடி, நம் அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து பயணிகள் விமானம் ஓட்டினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலுக்கும் மூடினார்கள். போகிப் புகையும் பனியும் சேர்ந்த காலைகளில் விமானங்கள் பெங்களூருவுக்கும் ஹைதராபாத்துக்கும் திரும்பிப் போயிருக்கின்றன. பொங்கலுக்கு வருகிறவர்களுக்குப் போகி அன்று காலை இறங்குவதுபோல் நான் டிக்கெட் போடுவதில்லை.

வேலூரிலிருந்து வண்டி கிளம்பிவிட்டது. என்ன செய்வது?

ரத்து என்று தெரிந்ததும் வீட்டுக்கு அடுத்தபடி டிரைவருக்குத்தான் போன். வேலூரிலிருந்து விமான நிலையம் 130 கிலோமீட்டருக்கு மேல், மூன்று மணி நேரம். விடியற்காலை விமானத்துக்கு அவர் நள்ளிரவே கிளம்பிவிடுவார். வாலாஜா சுங்கச்சாவடி தாண்டுவதற்குள் சொன்னால் திரும்பிவிடலாம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியிருந்தால் போய்வந்த கிலோமீட்டரும் பேட்டாவும் கொடுத்துவிடுங்கள், அவருக்கும் ராத்திரித் தூக்கம் போயிற்று. புது விமானத்தின் எண்ணை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். நேரத்தை மட்டும் சொல்லாதீர்கள், எண் இருந்தால் அவரே பார்த்துக்கொண்டு கிளம்புவார். நாங்கள் பிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஒருநாள் தாமதமாக வந்து இறங்கியபோது, எங்கள் டிரைவர் அம்மாவுக்கென்று காட்பாடியிலிருந்து ஃபிளாஸ்கில் கஞ்சி வாங்கி வந்திருந்தார். பூந்தமல்லி தாண்டும் முன்பே அம்மா அதைக் குடித்து முடித்துவிட்டுத் தூங்கிப்போனார்.